மெஜஸ்டிக்குக்கு ஒரு டிக்கெட்

பெங்களூரு நகரப் பேருந்தில் ஏறி "மெஜஸ்டிக்" என்று சொன்னால் போதும். நடத்துநர் மறுபேச்சின்றி டிக்கெட்டைக் கொடுத்துவிடுவார். அரசு ஆவணங்களில் அந்த இடத்தின் பெயர் கெம்பேகவுடா பேருந்து நிலையம். நகரை நிறுவியவரின் பெயர் அது. பின்னர் வந்த மெட்ரோ நிலையத்துக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள்; ஆனாலும் அதன் பக்கத்தில் 'மெஜஸ்டிக்' என்ற சொல்லையும் சேர்க்கவேண்டியிருந்தது. மெஜஸ்டிக் என்பது ஊரின் பெயருமன்று, அரசரின் பெயருமன்று. கெம்பேகவுடா சாலை வட்டாரத்தில் இருந்த ஒரு சினிமாக் கொட்டகையின் பெயர். கொட்டகை போய்விட்டது, பெயர் மட்டும் இன்றும் மக்கள் வாயில் புழங்குகிறது.

அந்தப் பெயரை நான் முதலில் கற்றது என் தந்தையிடம். வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 1960-களில் பெங்களூருக்கு வந்து, அரசுத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அல்சூரில் இரண்டு அறை கொண்ட வீட்டில் குடியிருந்தோம். அவர் மறைந்த பிறகு, இரும்புப் பெட்டியின் அடியில் நீளவாக்கில் மடித்த கணக்கு நோட்டுகள் கிடைத்தன. மாதத்துக்கு ஒரு பக்கம். வாடகை, அரிசி, பால், விறகு, பள்ளிக் கட்டணம், ஊருக்கு மணியார்டர், வங்கியில் போட்ட தொகை என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: 'சினிமா'.

ஒரு மாதம் அங்கே ரூ. 6.40 இருக்கும். கையிருப்புக் குறைந்த மாதத்தில் அதுவே ரூ. 1.10 ஆகச் சுருங்கியிருக்கும். ஆனால் வரி மட்டும் விடுபடவில்லை. சட்டைத் துணிக்கும் செருப்புக்கும் நாள் தள்ளிப்போட்ட ஒரு மனிதர், இந்தச் செலவை ஏன் ஒரு மாதமும் முழுதாக வெட்டவில்லை? பெங்களூருப் பழைய திரையரங்குகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னே வந்து நிற்கிறது.

தண்டும் பேட்டையும்

பெங்களூரு நெடுங்காலம் இரண்டு ஊர்களாக இருந்தது. ஒன்று கெம்பேகவுடா அமைத்த பேட்டை. மற்றொன்று, ஸ்ரீரங்கப்பட்டினத்திலிருந்து ஆங்கிலேயப் படை 1809-ல் இடம்பெயர்ந்து வந்தபோது உருவான கண்டோன்மென்ட். மக்கள் பேச்சில் அதற்குத் 'தண்டு' என்று பெயர். படையை ஒட்டி வணிகர்களும் கட்டடத் தொழிலாளர்களும் சமையற்காரர்களுமாகத் தமிழர்கள் பெருந்திரளாக வந்து குடியேறினார்கள். இரு பகுதிகளும் 1949-ல்தான் ஒரே மாநகராட்சியின் கீழ் வந்தன.

தண்டின் முதற்பெரும் கொட்டகை, இன்றைய சிவாஜிநகரில் நின்ற எல்ஜின். அன்றைய வைஸ்ராயின் பெயர் தாங்கிய அந்த மண்டபம் 1896-ல் தொடங்கியதாகச் சொல்வார்கள். நடத்தியது ஒரு தமிழ் முதலியார் குடும்பம். அதே 1896-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள்தான் பம்பாயின் வாட்சன் ஓட்டலில் லூமியேர் சகோதரர்களின் படத்துண்டுகள் காட்டப்பட்டு, இந்தியாவில் சினிமா அடியெடுத்து வைத்தது. ஆக, எல்ஜின் பிறந்தபோது சினிமாவுக்கென்று எவரும் மண்டபம் கட்டவில்லை. நாடகத்துக்கும் கேளிக்கைக்கும் எழுந்த இடம், மௌனப் படம் வந்தபோது திரை கட்டிக்கொண்டது; பேசும் படம் வந்தபோது 'டாக்கீஸ்' என்ற பட்டத்தையும் ஏற்றது. திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்த கதையைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். தென்னிந்திய சினிமா இப்படிக் கூடாரமும் நாடக மண்டபமுமாகத்தான் வளர்ந்தது.

பேசும் படங்கள் வந்தபின் ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு கொட்டகையைத் தேடிக்கொண்டது. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னையின் கினிமா சென்ட்ரலில் வெளியானது. முதல் கன்னடப் பேசும் படமான 'சதி சுலோசனா' 1934 மார்ச் 3 அன்று பெங்களூரு நகரச் சந்தைக்கு அருகே இருந்த பாரமவுண்ட் கொட்டகையில் திரையேறியது. தண்டுப் பக்கம், அந்நாளில் சவுத் பரேடு எனப்பட்ட இன்றைய மகாத்மா காந்தி சாலையில் பிளாசாவும், பிரிகேடு சாலையில் 1940-ல் ரெக்ஸும் ஆங்கிலப் படங்களைக் காட்டின. கப்பன் சாலையில் இருந்த பி.ஆர்.வி. அரங்கின் மூன்றெழுத்து, பெங்களூரு ரைபிள் வாலண்டியர்ஸ் என்ற படைப்பிரிவைக் குறிப்பது. படைவீரர்களின் ஊரில் அரங்கின் பெயரும் படையின் பெயராகவே அமைந்தது.

தமிழ்ப் படங்களுக்கு அல்சூர், சிவாஜிநகர் வட்டாரம். லாவண்யா, நாகா, அஜந்தா என்று நடந்து போகும் தூரத்தில் கொட்டகைகள். பேட்டைப் பக்கம் போனால் கெம்பேகவுடா சாலையும் அதன் கிளைத் தெருக்களும் கன்னட சினிமாவின் கோட்டை. சாகர், கீதா, ஹிமாலயா, அலங்கார், ஸ்டேட்ஸ், பிரபாத், மேனகா, திரிபுவன், கைலாஷ், கபாலி, சந்தோஷ், நர்த்தகி, சப்னா என்று ஒரு காட்சி நேரத்துக்குள் சுற்றி வந்துவிடக்கூடிய பரப்பில் இத்தனை அரங்குகள். வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சாலை தேர்த்திருவிழா நடக்கும் வீதி போல இருக்கும்.

என் தந்தை கன்னடம் கற்றது அந்தச் சாலையில்தான். ராஜ்குமார் நடித்த 'பங்காரத மனுஷ்ய' 1972-ல் வெளியாகி ஓராண்டுக்கும் மேலாக ஓடியது. படித்த இளைஞன் கிராமத்துக்குத் திரும்பி உழவில் இறங்கும் கதை. அதைப் பார்த்துவிட்டு நகரத்தை விட்டு நிலத்துக்குத் திரும்பியவர்கள் உண்டு என்பார்கள். நிலத்தை விட்டு நகரத்துக்கு வந்த என் தந்தையோ அதை மூன்று முறை பார்த்தார். முதல் முறை பக்கத்து இருக்கைக்காரரிடம் பொருள் கேட்டுக்கொண்டாராம். மூன்றாம் முறை, புதிதாக வந்த வேறொருவருக்கு அவரே பொருள் சொன்னாராம். தொழிற்சாலையில் கன்னடத் தோழர்கள் அவரை மதித்ததற்கு அந்த மூன்று டிக்கெட்டுகளும் ஒரு காரணம் என்று அவர் நம்பினார்.

ஒரே கூரை, பல படிகள்

பழைய கொட்டகையின் அமைப்பை இன்றைய இளையவர்களுக்குச் சற்று விளக்கவேண்டும். ஒரே திரை, அதன் எதிரே ஆயிரம் இருக்கைகள் வரை. திரைக்கு மிக அருகே இருப்பது மலிவான வகுப்பு. பெங்களூரில் அதற்குக் 'காந்தி கிளாஸ்' என்று செல்லப் பெயர். தமிழ்நாட்டுக் கூடாரத்தில் தரை டிக்கெட் எப்படியோ, இங்கே அது அப்படி. அதற்குப் பின்னே இரண்டாம் வகுப்பு, முதல் வகுப்பு, மாடியில் பால்கனி. சில இடங்களில் குடும்பத்தோடு அமர 'பாக்ஸ்'.

ஒவ்வொரு வகுப்புக்கும் தனி வரிசை. கம்பி அடைத்த குறுகிய சந்தில் ஒருவர் பின் ஒருவராக நிற்கவேண்டும். பெண்களுக்குத் தனி வரிசை இருந்ததால், அடுத்த வீட்டு அக்காவின் தயவில் டிக்கெட் வாங்கிய ஆண்கள் பலர். சாளரம் மூடி 'ஹவுஸ்ஃபுல்' பலகை தொங்கியதும், வெளியே இரட்டை விலை சொல்லும் மெல்லிய குரல்கள் எழும். உள்ளே போனால் உள்ளூர்த் துணிக்கடை, வைத்தியசாலை விளம்பரச் சிலைடுகள்; பின்னர் ஃபிலிம்ஸ் டிவிஷன் செய்திப் படம். வெள்ளச் சேதம், அணைத் திறப்பு விழா, கிரிக்கெட் என்று நாடு முழுவதும் ஒரே குரலில் கேட்ட செய்திகள். இடைவேளையில் முறுக்கு, வேர்க்கடலை, கோலி சோடா, ஒரு பாட்டுப் புத்தகம்.

வகுப்புகள் வேறாயினும் படம் ஒன்றுதான். காந்தி கிளாஸில் எழும் விசில் பால்கனிக்கும் கேட்கும். தொழிற்சாலையின் மேலாளர் மாடியிலும் கடைநிலை ஊழியர் கீழேயும் அமர்ந்து ஒரே நகைச்சுவைக்குச் சிரித்திருப்பார்கள். இதைச் சமத்துவம் என்று பெரிதாகச் சொல்லிவிட முடியாது. படிகள் இருந்தன, தனி வாசல்களும் இருந்தன. ஆனால் எந்தச் சட்டைப் பைக்கும் ஏற்ற ஒரு படி அங்கே இருந்தது. தந்தையின் நோட்டுக்கு விடை இதுவே. சம்பளம் வந்த வாரத்தில் ரூ. 6.40-க்கு வீட்டார் அனைவரும் மேலே. மாதக் கடைசியில் ரூ. 1.10-க்கு அவர் மட்டும் கீழே. தொகை சுருங்க இடமிருந்ததால், வரியை அடிக்கவேண்டிய தேவை வரவில்லை.

பெட்டி வந்துவிட்டதா?

வெள்ளிக்கிழமை காலை கொட்டகை வாசலில் எழும் முதல் கேள்வி, "பெட்டி வந்துவிட்டதா?" என்பது. தகரப் பெட்டிகளில் வரும் ஃபிலிம் சுருள்கள்தான் படம். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் 35 மில்லிமீட்டர் ஃபிலிம், நிமிடத்துக்கு 90 அடி செலவாகும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. நான்கு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். ஆயிரம் அடி ரீல் ஒன்று பதினோரு நிமிடமே ஓடுமாதலால், படம் பதினான்கு, பதினைந்து ரீல்களாக வரும்.

ஆபரேட்டர் அறையில் இரண்டு புரொஜெக்டர்கள் அருகருகே நிற்கும். ஒன்றில் சுருள் முடியும் தறுவாயில் திரையின் வலப்புற மேல் மூலையில் ஒரு சிறு புள்ளி மின்னும். அதைக் கண்டதும் இரண்டாவது கருவியை ஓட்டவேண்டும். அடுத்த புள்ளியில் மாற்றிவிட வேண்டும். கை ஒரு கணம் பிந்தினால் திரை வெளுக்கும். கூரை அதிர விசில் எழும். ஒளிக்கு இரண்டு கார்பன் குச்சிகளின் நடுவே எரியும் வில்சுடர். குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். தொடக்க கால ஃபிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால், ஆபரேட்டர் அறையைத் தனியாக, தீ பரவாத சுவருடன் கட்டவேண்டும் என்ற விதியே பிறந்தது. தீப்பற்றாத ஃபிலிம் வந்த பிறகும் அறை தனியாகவே நின்றது.

பிரதிகள் குறைவு, விலை அதிகம். ஆகவே இரண்டு கொட்டகைகள் ஒரே பிரதியைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. ஒன்றில் காட்சி அரை மணி முன்னதாகத் தொடங்கும். ஓடி முடிந்த ரீல்களைச் சைக்கிளில் ஏற்றி மற்றதற்குக் கொண்டு ஓடுவார் ஒருவர். அவர் மழையில் மாட்டிக்கொண்டால் அங்கே இடைவேளை நீளும்.

இன்று படம் மின்கோப்பாக வருகிறது. வன்தட்டிலோ செயற்கைக்கோள் வழியாகவோ வந்து சேரும் அதைத் திறக்க ஒரு மின்சாவி தேவை. குறித்த நாட்களுக்கு மட்டுமே அது செல்லும். சென்னையில் உருவான கியூப் தொழில்நுட்பத்துக்கு இந்த மாற்றத்தில் பெரும் பங்குண்டு. கீறல் இல்லை, மங்கல் இல்லை, ரீல் மாற்றம் இல்லை. காட்சியின் தரத்தில் இது ஐயமற்ற முன்னேற்றம்.

ஆனால் இதனால் வணிகத்தின் கணக்கே மாறியது. சில பிரதிகளோடு வெளியாகி நூறு நாள் ஓடிய காலம் போய், ஒரே நாளில் பல நூறு திரைகளில் வெளியாகி, முதல் மூன்று நாட்களில் பணத்தை எடுக்கும் காலம் வந்தது. ஆயிரம் இருக்கைக் கொட்டகையில் நாளுக்கு நான்கு காட்சி என்றால் வாரத்துக்கு 28,000 டிக்கெட்டுகள். நகரெங்கும் அதே படம் ஓடும்போது அத்தனை பேரும் அந்த ஒரு வாசலுக்கு எதற்கு வருவார்கள்? படம் தோற்றால் அந்த வாரமே நட்டம். மாற்றிப் போட இரண்டாவது திரை இல்லை.

நிலம் பேசிய விலை

கொட்டகைகளை வீழ்த்தியது தொலைக்காட்சி என்று ஒரு காலத்தில் சொன்னோம். பிறகு வீடியோ கேசட், பிறகு கைப்பேசி. எல்லாவற்றிலும் உண்மை உண்டு. ஆயினும், பெங்களூரு போன்ற நகரத்தில் மிக வலுவான காரணம், கொட்டகை நின்ற நிலம். வளர்ந்துவரும் நகரின் நடுவே, முக்கியச் சாலையில், நாளின் பெரும்பகுதி காலியாகக் கிடக்கும் ஒரு பெரிய மண்டபம். அதே இடத்தில் கடைகள் கட்டினால் மாதந்தோறும் நிச்சயமான வாடகை. வெள்ளிக்கிழமைதோறும் யாரோ எடுத்த படத்தை நம்பியிருக்கும் தொழிலில் அந்த நிச்சயம் இல்லை. குடும்பச் சொத்து அடுத்த தலைமுறையில் பல பங்குகளாகும்போது, எந்தப் பக்கம் முடிவு சாயும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. உரிமையாளர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்கள் இடத்தில் நாமும் அதே கூட்டல் கழித்தலைத்தான் செய்திருப்போம்.

பிளாசா இருந்த இடத்தில் இன்று மகாத்மா காந்தி சாலை மெட்ரோ நிலையம். லிடோ இருந்த இடத்தில் வணிக வளாகம். பழைய ஓபரா ஹவுஸ் 2018-ல் கைப்பேசி நிறுவனம் ஒன்றின் காட்சிக்கூடமாகப் புத்துயிர் பெற்றது; கட்டடமாவது மிஞ்சியது. ரெக்ஸ் 2018 டிசம்பர் 31 அன்று கடைசிக் காட்சியை நடத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்த கபாலி மறைந்தது. கேலக்ஸி, ப்ளூ மூன், ப்ளூ டயமண்ட், சிம்பொனி எல்லாம் முகவரி சொல்லப் பயன்படும் பெயர்களாயின. எல்ஜினும் கதவடைத்தது. 1974-ல் திறந்த காவேரி, அரை நூற்றாண்டு நிறைந்த 2024-ல் விடைபெற்றது. இடையே 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் மூடிய அரங்குகளுள் சில, மறுபடி திறக்கவே இல்லை.

புதியது தந்ததும் எடுத்ததும்

தில்லி சாகேத்தில் 1997-ல் தொடங்கிய மல்டிபிளெக்ஸ் முறை, 2004-ல் கோரமங்களா ஃபோரம் வளாகத்தில் 11 திரைகளோடு பெங்களூருக்குப் பெரிய அளவில் வந்தது. அது தந்ததை மறைப்பது நியாயமன்று. தூய்மையான கழிப்பறை, தெளிவான ஒலி, முன்பதிவு, இரவுக் காட்சிக்கும் பெண்கள் தனியே வரத்தக்க சூழல், சக்கர நாற்காலிக்கு வழி. நூறு பேரே பார்க்கக்கூடிய சிறிய படத்துக்கும் ஒரு சிறிய திரை. பழைய கொட்டகையில் என் தாய், மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் படம் பார்த்தார், காரணம் கழிப்பறை. ஏக்கத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

எடுத்துக்கொண்டது அந்தப் படிகளை. வளாக அரங்கில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் விலை வேறுபாடு சிறிது; ஆனால் கீழ்ப்படி என்று ஒன்று இல்லை. தின்பண்டத்தின் விலை டிக்கெட்டோடு போட்டியிடுகிறது. 2005 வாக்கில் நாங்கள் தந்தையை ஒரு வளாக அரங்குக்கு அழைத்துச் சென்றோம். சாய்விருக்கை அவருக்குப் பிடித்திருந்தது. ஒலியைப் பற்றி வியந்து பேசினார். வீடு திரும்பியதும், சொல்லத் தயங்கிய எங்களிடம் விடாமல் கேட்டு, மொத்தச் செலவை நோட்டில் எழுதினார்: ரூ. 860. அடுத்த மாதப் பக்கத்தில் 'சினிமா' என்ற வரி இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. பணம் இல்லாமல் அன்று; நாங்கள் சம்பாதிக்கத் தொடங்கியிருந்தோம். பிள்ளைகள் செலவில் போகும் ஓர் அரிய நிகழ்வாகச் சினிமா மாறிவிட்டதால், அது இனித் தம் கணக்கில் சேராது என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று என்பதற்கு அரசின் நடவடிக்கைகளே சான்று. கர்நாடக அரசு 2017-ல் டிக்கெட்டுக்கு ரூ. 200 உச்சவரம்பு அறிவித்தது, அது நிலைக்கவில்லை. 2025 செப்டம்பரில் அதே ரூ. 200 வரம்பை மீண்டும் விதியாக்கியபோது, அந்த மாதமே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. முதலீட்டுக்கேற்ற விலை வேண்டும் என்பது அரங்கினரின் வாதம். சாமானியரும் படம் பார்க்கவேண்டும் என்பது அரசின் வாதம். அதே செப்டம்பரில் ரூ. 100 வரையிலான டிக்கெட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டதற்கு 18 தொடர்கிறது. மிஞ்சியிருக்கும் ஒற்றைத் திரை அரங்குகளுக்கு இது ஒரு சிறு மூச்சு.

மிஞ்சியவையும் உண்டு. லால்பாக் சாலையில் ஊர்வசி, ஒலியையும் ஒளியையும் புதுப்பித்துக்கொண்டு நிற்கிறது. பெரிய நாயகர்களின் படம் வெளியாகும் விடியற்காலையில், இத்தகைய அரங்குகளின் வாசலில் மேளமும் பாலாபிஷேகமும் இன்றும் உண்டு. இதே நகரில் பேருந்து நடத்துநராக டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், 1973-ல் சென்னைத் திரைப்படக் கல்லூரிக்குப் போய் ரஜினிகாந்தாகத் திரும்பினார். அவர் படத்துக்கு முதல் நாள் கூடும் கூட்டத்தில், தம் ஊர்க்காரர் என்று தமிழரும் கன்னடரும் மராட்டியரும் ஒருசேர உரிமை கொண்டாடுவதைக் காணலாம்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கொட்டகை இன்னும் திறந்திருக்கக்கூடும். வார நாள் ஒன்றில், வீட்டுப் பெரியவரை அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். டிக்கெட்டை அவரே வாங்கட்டும். அந்தச் செலவு அவருடைய கணக்கில் இருக்கட்டும்.

சென்ற மாதம் நான் பேருந்தில் ஏறி, வழக்கம்போல் "மெஜஸ்டிக்" என்றேன். பக்கத்து இருக்கையில் இருந்த கல்லூரி மாணவர், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டார். அல்சூரிலிருந்து நிலையம் சேரும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது அவர், "அந்தத் தியேட்டர் எங்கே இருந்தது, காட்டுங்கள்" என்றார். சாலையைக் கடந்து சென்று, கடைகளின் பெயர்ப்பலகைகளை நோக்கிக் கையை நீட்டினேன்.